ஜுரம் விட்ட பிறகு

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, அடுத்த வீட்டிலிருந்து மிளகு ரசம் கொதிக்கும் வாசனை வந்தது. சற்று நேரத்துக்கெல்லாம் அந்த வீட்டுப் பாட்டியம்மாளே நம் வாசற்படியில் வந்து நின்று, "பேரனுக்கு ஜுரம் விட்டுவிட்டது. நாளைக்குத் தலைக்கு ஜலம் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்" என்று தெரிவித்தார். பையனுக்குப் பத்து வயது. நான்கு நாட்களாக 103 டிகிரிக்குக் குறையாமல் ஜுரம் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் தெர்மாமீட்டர் 98.4 காட்டியதும் வீடு முழுவதும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டது. தகப்பனார் காரியாலயத்துக்குப் புறப்பட்டார். தாயார் நான்கு நாட்களுக்குப் பிறகு அன்றுதான் தலை வாரிக்கொண்டார். நமக்குக்கூட ஒரு டம்ளர் ரசம் வந்தது.

அன்றிரவு ஒன்பது மணிக்கு அந்தப் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி நேர்ந்தது.

ஜுரம் விட்ட அன்றைக்கே நோயாளி ஆபத்தில் சிக்குவதென்பது நம்முடைய அனுபவத்துக்கெல்லாம் நேர்விரோதமான காரியம். ஜுரம் என்றால் வியாதி, ஜுரம் விட்டால் சௌக்கியம் என்பதுதான் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் வழங்கிவரும் கணக்கு. பெரும்பாலான ஜுரங்களுக்கு அந்தக் கணக்கு சரியாகவே வருகிறது. டெங்குவுக்கு மட்டும் வருவதில்லை. இதை அறியாத காரணத்தினாலேயே மழைக்காலந்தோறும் சில வீடுகளில் ஈடு செய்ய முடியாத நஷ்டம் நேர்ந்துவிடுகிறது. ஆகையால் இந்த வாரம் வேறு எதைப் பற்றியும் எழுதாமல், டெங்குவை வீட்டில் இருந்தபடியே எப்படிச் சந்தேகிப்பது, இரத்தப் பரிசோதனைச் சீட்டில் எதைப் பார்ப்பது என்பதைப் பற்றியே எழுதுவதென்று தீர்மானித்தோம்.

டெங்கு நமக்குப் புதிய விருந்தாளி என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது நம் பட்டணத்தில் பழங்குடி. 1780-ஆம் ஆண்டிலேயே சென்னையில் டெங்குவை ஒத்த ஜுரம் பரவியதாக வைத்திய சரித்திரத்தில் குறிப்பு இருக்கிறது. அதே வருஷத்தில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் பரவிய ஒரு ஜுரத்தைப் பற்றி பெஞ்சமின் ரஷ் என்னும் வைத்தியர் எழுதி வைத்திருக்கிறார். அதை அவ்வூர் ஜனங்கள் 'எலும்பு முறிக்கும் ஜுரம்' என்று அழைத்தார்களாம். அனுபவித்தவர்கள் வைத்த பெயராகையால் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. இதற்குக் காரணமான கிருமியை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தவர்கள் கிமுரா, ஹொட்டா என்ற இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள். அது நடந்தது 1943-ல். அடுத்த வருஷமே ஆல்பர்ட் ஸாபின் என்னும் அமெரிக்கர், யுத்தத்தில் ஈடுபட்டிருந்த சிப்பாய்களின் இரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அந்தச் சிப்பாய்களில் நமது கல்கத்தாவில் நோயுற்றவர்களும் உண்டு.

அப்பால் அது நம் தேசத்தில் நடத்திய விஜயங்களையெல்லாம் விவரிக்க இடம் போதாது. 1963-64-ல் கல்கத்தாவிலும் கிழக்குக் கரையிலும் பெரிதாகப் பரவியது. 1996-ல் டில்லியில் 10,000 பேருக்கு மேல் படுக்கையில் தள்ளி, 400 பேருக்கு மேல் உயிரைக் கொண்டு போயிற்று. நம் தமிழ்நாட்டில் 2012-ல் 12,000 பேருக்கு மேலும், 2017-ல் 23,000 பேருக்கு மேலும் டெங்கு கண்டதாகச் சர்க்கார் கணக்கே சொல்கிறது.

இந்தக் கிருமியில் நான்கு இனங்கள் இருக்கின்றன. ஓர் இனத்தால் வந்து குணமானவருக்கு அந்த இனம் மறுபடி வருவதில்லை. ஆனால் மற்ற மூன்றும் வரலாம். இதில் விசித்திரம் என்னவென்றால், இரண்டாம் முறை வேறோர் இனம் தாக்கும்போதுதான் வியாதி கடுமையாகும் சந்தர்ப்பம் அதிகம். முதல் தடவை உடம்பு தயாரித்து வைத்த காவற்படையே இரண்டாவது எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்று விஞ்ஞானிகள் காரணம் சொல்கிறார்கள். 1960-க்குப் பிறகு பாங்காக் நகரத்துக் குழந்தைகளிடம் இதை ஆராய்ந்து விளக்கியவர் ஸ்காட் ஹால்ஸ்டெட் என்பவர். ஆகவே, "எனக்குத்தான் முன்பே டெங்கு வந்து போய்விட்டதே, இனி என்ன பயம்?" என்று தைரியம் பேசுகிறவர்கள், அந்தத் தைரியத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

இனி, இந்த ஜுரத்தை எப்படி அடையாளம் காண்பது?

டெங்கு மெதுவாக வருவதில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குச் சிரித்துக்கொண்டு போன குழந்தை, மாலையில் தீயாய்க் கொதித்துக்கொண்டு திரும்பும். கொசு கடித்து 4 நாள் முதல் 10 நாளைக்குள் இது நடக்கும். நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் தாங்க முடியாத வலி. கண்ணை உருட்டிப் பார்த்தாலே வலிக்கும். முதுகு, இடுப்பு, கை கால் மூட்டு எல்லாம் அடித்துப் போட்டாற்போல் இருக்கும். முகமும் மார்பும் சிவக்கும். சாப்பாட்டைக் கண்டால் குமட்டும். சிலருக்குத் தோலில் சிவந்த தடிப்புக்கள் தோன்றும். ஜுரம் 2 முதல் 7 நாள் வரை நீடிக்கும்.

"இதெல்லாம் எந்த ஜுரத்திலும் இருக்கிறதே!" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதல் இரண்டு நாட்களில் பெரிய டாக்டர்களே தயங்குவார்கள். ஆயினும் சில வித்தியாசங்கள் உண்டு. மூக்கு ஒழுகுவதும் ஓயாத தும்மலும் பிரதானமாக இருந்தால் அது பெரும்பாலும் ஜலதோஷ வகையைச் சேர்ந்தது. குளிர் தூக்கிப் போட்டு, ஜுரம் ஏறி, வியர்த்து விட்டு, பிறகு மறுபடியும் அதே நாடகம் நடந்தால் மலேரியாவை நினைக்க வேண்டும்; அதற்கு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. டைபாய்டு படிப்படியாக ஏறும். ஒரு வாரமானாலும் இறங்க மனம் வராது. சிக்குன்குனியா டெங்குவின் பங்காளி; அதே கொசுதான் அதையும் கொண்டுவருகிறது. அதில் மூட்டுக்கள் வீங்கி, ஜுரம் போன பிறகும் மாதக்கணக்கில் உட்காரவும் எழுந்திருக்கவும் விடாது. வெள்ளத்தில் நடந்தவர்களுக்குக் கண் சிவந்து, கெண்டைக்கால் கடுகடுவென்று வலித்து ஜுரம் வந்தால், அது எலி ஜுரமாக இருக்கக்கூடும். அதற்கு உடனே மருந்து வேண்டும். ஆகையால் அடையாளங்களைக் கொண்டு வீட்டில் செய்யத்தக்கது சந்தேகம் ஒன்றுதான். தீர்ப்பு இரத்தத்தில் இருக்கிறது.

இந்தச் சந்தேகம் தோன்றிய கணமே செய்ய வேண்டிய ஒரு சிறு காரியத்தைச் சொல்லி விடுகிறோம். ஜுரம் ஆரம்பித்த தேதியைச் சுவரிலுள்ள காலண்டரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் முதல் நாள். எத்தனையாவது நாள் என்று தெரியாமல் டெங்குவில் எந்தப் பரிசோதனைக்கும் அர்த்தம் கிடையாது. "முந்தாநாளோ அதற்கு முந்தின நாளோ" என்று டாக்டரிடம் சொல்வது, ஸ்டேஷன் பெயர் சொல்லாமல் ரயிலுக்கு டிக்கெட் கேட்பது போலத்தான்.

டெங்குவா இல்லையா என்பதைச் சொல்லும் பரிசோதனைகள் இரண்டு. ஒன்று 'என்.எஸ்.1'. இது கிருமியின் உடம்பிலிருந்தே வரும் ஒரு பொருளை இரத்தத்தில் தேடிப் பிடிப்பது. ஜுரம் கண்ட முதல் நாளிலிருந்து ஏறக்குறைய ஐந்தாம் நாள் வரையில் இது பயன்படும். மற்றொன்று 'ஐ.ஜி.எம்.'. இது கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் ஆயுதத்தைத் தேடுவது. அந்த ஆயுதம் தயாராவதற்குச் சுமார் ஐந்து நாள் பிடிக்கும். ஆகவே இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். பார்த்து "இல்லை" என்று வந்தாலும், எட்டாம் நாளில் என்.எஸ்.1 பார்த்து "இல்லை" என்று வந்தாலும், அந்த "இல்லை"க்கு மதிப்பு இல்லை. மேலும் ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதம் வரை இரத்தத்தில் தங்கியிருக்கும். 'ஐ.ஜி.ஜி.' மட்டும் இருப்பதாக வந்தால், என்றோ வந்து போன டெங்குவின் சுவடாக இருக்கலாம். இரண்டாம் தடவை டெங்கு காண்கிறவர்களுக்கு என்.எஸ்.1 அகப்படாமலே நழுவுவதும் உண்டு. பத்து நிமிஷத்தில் கோடு காட்டும் அட்டைப் பரிசோதனையைவிட 'எலிஸா' என்னும் முறையே நம்பத் தகுந்தது. சர்க்கார் கணக்கில் டெங்கு என்று ஒப்புக்கொள்வதும் அந்த முறையில் கண்டதைத்தான். அதற்கான ஐ.ஜி.எம். சாதனங்களைப் பூனாவிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம் தயாரித்து அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி வருகிறது.

எல்லாம் சரி. ஆனால் டெங்கு என்று தெரிந்துவிட்டதனால் மட்டும் நோயாளி பிழைப்பதில்லை. அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து ஒன்றும் வழக்கத்தில் இல்லை. பிழைப்பதும் பிழைக்காததும் வேறொரு விஷயத்தைப் பொறுத்திருக்கிறது. அதைக் காட்டுவது விலை மலிந்த சாதாரண இரத்தப் பரிசோதனை, டாக்டர்கள் 'சி.பி.சி.' என்று சீட்டில் கிறுக்குகிறார்களே, அதுதான். அதில் மூன்று எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும். மூன்றாவதாக நாம் சொல்லப் போவதுதான் முக்கியமானது. ஆனால் நம் ஜனங்கள் இரண்டாவதை மட்டுமே பார்க்கிறார்கள்.

முதலாவது வெள்ளணு. சாதாரணமாக இது 4,000 முதல் 11,000 வரை இருக்கும். டெங்குவில் முதலில் இறங்குவது இதுதான். கடுமையான ஜுரத்தோடு வெள்ளணு 4,000-க்குக் கீழே சரிந்திருந்தால் டாக்டரின் புருவம் உயரும். இரண்டாவது பிளேட்லெட். 1,50,000-லிருந்து 4,00,000 வரை இருக்க வேண்டிய இந்தத் தட்டணுக்கள், மூன்றாம் நாள் நான்காம் நாள் வாக்கில் இறங்கத் தொடங்கி ஒரு லக்ஷத்துக்குக் கீழே போகும். மூன்றாவது 'பி.சி.வி.', சில சீட்டுக்களில் 'ஹிமடோக்ரிட்' என்று அச்சிட்டிருக்கும்.

பி.சி.வி. என்பது என்ன? இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் விட்டு வேகமாகச் சுழற்றினால், அணுக்கள் அடியில் படிந்துவிடும். நீர்ப்பகுதி மேலே தெளிந்து நிற்கும். மொத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சிவப்பணுக்கள் என்பதே பி.சி.வி. இப்போது இதை இயந்திரமே கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறது.

இது ஏன் முக்கியம் என்பதை அறிய, ஜுரம் விடுகிற சமயத்தில் உடம்புக்குள் நடக்கும் சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெங்கு முற்றும்போது, நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் தங்கள் இறுக்கத்தை இழந்து விடுகின்றன. புது மண்பானையில் ஜலம் கசிவது போல, இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களுக்கு வெளியே கசிந்து வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக் கூட்டுக்குள்ளும் போய்த் தேங்குகிறது. வெளியில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. ஆனால் குழாய்களுக்குள்ளே ஓடும் இரத்தம் குறைந்து, கெட்டிப்பட்டுக்கொண்டே போகும். அடுப்பில் மறந்துவிட்ட ரசம் சுண்டிச் சுண்டிக் குழம்பாகிறதல்லவா? அதே விஷயந்தான். பருப்பு அதிகமாகவில்லை, ஜலம் குறைந்துவிட்டது. சிவப்பணு கூடாமலே பி.சி.வி. ஏறுவது இவ்விதம்தான். இந்தக் கசிவு பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, ஜுரம் இறங்குகிற தருணத்தை ஒட்டித் தொடங்கி, 24 மணியிலிருந்து 48 மணி நேரம் வரை நீடிக்கும். எல்லோருக்கும் இது நேருவதில்லை. பெரும்பாலோர் ஜுரம் விட்டதும் உண்மையாகவே தேறிவிடுகிறார்கள். நேருகிறவர்களுக்கோ அந்த ஒன்றிரண்டு நாட்கள்தான் கண்டம்.

எத்தனை ஏறினால் ஆபத்து? நோயாளியின் முதல் அளவிலிருந்து நூற்றுக்கு 20 பங்கு ஏறினால் கசிவு பலமாக இருக்கிறதென்று அர்த்தம். 35 இருந்தவருக்கு 42 ஆகிவிட்டால் போதும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் நாட்டு ஸ்திரீகளில் பலருக்கு இரத்தச் சோகை. அவர்களுடைய பி.சி.வி. எப்போதுமே 30 தான் இருக்கும். டெங்கு முற்றி அது 36 ஆகும்போது, பரிசோதனைச் சாலைச் சீட்டில் அது 'சரியான அளவு' என்ற பத்திக்குள் அடக்கமாக உட்கார்ந்திருக்கும்! வீட்டார் மட்டுமல்ல, அவசரத்திலிருக்கும் டாக்டரும் ஏமாந்துபோகலாம். ஆகையால் ஜுரத்தின் முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்த சீட்டு எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும் அதைக் கிழித்துப் போடாதீர்கள். பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட்டால் வேறு சாட்சி கிடையாது.

பிளேட்லெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தையென்ன, நாலைந்து வார்த்தைகளே சொல்லியாக வேண்டும். டெங்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பழங்களை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். பங்கு மார்க்கெட் நிலவரம் போல அந்த எண் வீடு வீடாகப் பரவுகிறது. எழுபதாயிரம் என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நாற்பதாயிரம் என்றால் இரத்தம் கொடுக்க ஆள் தேடுகிறார்கள். உண்மை என்னவென்றால், பிளேட்லெட் இறங்குவது நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் கைகாட்டி மரமே தவிர, பெரும்பாலோருக்கு அது அபாயத்துக்குக் காரணமல்ல. கசிவு நின்றதும் அது தானாகவே ஏறிவிடுகிறது. இரத்தப் போக்கு இல்லாதவர்களுக்கு முன்ஜாக்கிரதையாகப் பிளேட்லெட் ஏற்றுவதனால் பயன் உண்டா என்று சிங்கப்பூரிலும் மலேயாவிலும் ஆராய்ச்சி நடத்தி, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். 20,000-க்கு இறங்கியவர்களுக்கு ஏற்றிப் பார்த்துங்கூட, இரத்தப் போக்கை அது தடுக்கவில்லை. நம் தேசத்து வைத்திய விதிகளும், இரத்தப் போக்கு இல்லாவிட்டால் 10,000-க்குக் கீழே போகும் வரை ஏற்ற வேண்டிய அவசியமில்லை என்றே சொல்கின்றன. டாக்டர் பொறுமையாக இருக்கும்போது, "ஏன் இன்னும் பிளேட்லெட் ஏற்றவில்லை?" என்று அவரை நெருக்குகிற உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பப்பாளி இலைச் சாறும் இந்தப் பிளேட்லெட் மோகத்தின் குழந்தைதான். அது எண்ணிக்கையைச் சற்றுச் சீக்கிரம் ஏற்றுவதாகச் சில ஆராய்ச்சிகளில் தெரிகிறது. ஆனால் கசிவை நிறுத்துகிறது, உயிரைக் காக்கிறது என்பதற்கு ருசு இல்லை. ஏற்கெனவே குமட்டிக்கொண்டிருக்கும் குழந்தையின் வாயைப் பிடித்து அந்தக் கசப்பை ஊற்றி, குடித்த கஞ்சியும் வெளியே வந்துவிடும்படி செய்வதில் நமக்குச் சம்மதமில்லை. நிலவேம்புக் குடிநீரைச் சர்க்காரே வழங்கியிருக்கிறார்கள், நம்பிக்கையுள்ளவர்கள் குடிக்கட்டும். அதைக் குடித்துவிட்டோம் என்று இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாமல் இருந்தால் சரி.

பரிசோதனைச் சாலை அருகில் இல்லாத ஊர்களுக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் நடுவே காற்றை நிறுத்தி 5 நிமிஷம் வைத்திருப்பார்கள். அவிழ்த்த பிறகு ஓர் அங்குலச் சதுரத்தில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் டெங்குவென்று சந்தேகிக்க இடமுண்டு. தோன்றாவிட்டால் டெங்கு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இனி நம் அடுத்த வீட்டுப் பையனிடம் திரும்புவோம்.

அன்று மத்தியானம் ரசஞ்சாதம் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு, "வயிறு வலிக்கிறது" என்றானாம். நாலு நாள் பட்டினி கிடந்த வயிறு, வலிக்காமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் மூன்று தடவை வாந்தி எடுத்தான். பிறகு விளையாட்டுச் சாமான் எதையும் கேட்காமல், கூப்பிட்டால் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். தகப்பனார் வீடு திரும்பி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. "ஜுரம் துளிக்கூட இல்லை. பலஹீனந்தான். காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பாட்டியம்மாள்தான் போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். "நெற்றி குளிர்ந்தால் சரி, பாதம் ஏன் இப்படி ஐஸாய்க் கிடக்கிறது? மத்தியானத்திலிருந்து பிள்ளை ஒண்ணுக்குக்கூடப் போகவில்லையே! எனக்குப் பயமாயிருக்கிறது. இப்பொழுதே கிளம்புங்கள்" என்று பிடிவாதமாக நின்றுவிட்டார்கள். அந்த அம்மாள் பி.சி.வி. என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை.

தகப்பனாரின் சட்டைப் பையில் இரண்டாம் நாள் எடுத்த சீட்டு மடித்தபடி இருந்தது. வெள்ளணு 3,800, பிளேட்லெட் 1,40,000, பி.சி.வி. 35. என்.எஸ்.1 உண்டு என்றும் அதிலேயே இருந்தது. பிளேட்லெட் லக்ஷத்துக்கு மேல் இருந்தபடியால் பயமில்லை என்று அவர் தைரியமாக இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் உடனே இரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் 62,000, பி.சி.வி. 43. இரத்த அழுத்தம் மேலே 90, கீழே 74. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20-க்குக் குறைந்துவிட்டால் இருதயம் இரத்தத்தைத் தள்ளுவதற்குத் திண்டாடுகிறது என்று பொருள். பையனுக்கு அந்த இடைவெளி 16 தான் இருந்தது. டியூட்டியிலிருந்த இளம் பெண் டாக்டர் இரண்டு சீட்டுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நம் பக்கம் திரும்பி, "காலை வரையில் வைத்திருந்தால் கையில் கிடைத்திருக்க மாட்டான்" என்று மெதுவாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஸலைன் ஏற்றினார்கள், சில மணிக்கு ஒரு முறை பி.சி.வி. பார்த்தார்கள், அதற்குத் தக்கபடி ஸலைனைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். இந்தக் கூட்டிக் குறைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. கசிந்த நீர் இரண்டு நாளில் தானாகவே குழாய்களுக்குத் திரும்பி வந்துவிடும். அப்போதும் ஸலைனை ஓட விட்டால் நுரையீரலில் நீர் கோத்து, அதுவே பிராணாபத்தாக முடியும். ஆகவே, "பாட்டில் தீர்ந்துவிட்டது, வேறு போடுங்கள்" என்று நர்ஸை விரட்டுவது பாசத்தின் அறிகுறியாக இருக்கலாம். புத்தியின் அறிகுறி அல்ல. பையனுக்குக் கடைசி வரையில் பிளேட்லெட் ஏற்றவேயில்லை. மூன்றாம் நாள் கை காலெல்லாம் அரிப்பெடுத்து, செந்நிறத் தடிப்புக்கு நடுவே வெள்ளைத் திட்டுக்கள் தோன்றின. தாயார் பதறிப் போனார். டாக்டரோ அதைப் பார்த்துப் புன்னகை செய்தார். தேறுகிற நோயாளிக்கு வருகிற தடிப்பு அது.

டெங்கு கண்ட எல்லோரையும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலோரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், வயோதிகர்கள், நீரிழிவுக்காரர்கள் விஷயத்தில் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் ஒப்படைப்பதுதான் உசிதம். மற்றவர்களுக்கு ஜுரம் தணியப் பாரஸிட்டமால் போதும். 6 மணிக்கு ஒரு தடவைக்கு மேல் கொடுக்கக் கூடாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து டாக்டர் சொல்லும் அளவுதான். உடம்பு வலி பொறுக்கவில்லையென்று ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோபினாக் முதலியவற்றைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது மகா பிசகு. இவை இரத்தப் போக்கைத் தூண்டிவிடும். புட்டத்தில் போடும் ஊசியும் வேண்டாம்.

ஆகாரத்தைவிடப் பானம் முக்கியம். வெறும் ஜலம் மட்டும் போதாது. உப்புப் போட்ட கஞ்சி, இளநீர், மோர், எலுமிச்சம்பழச் சாறு, மருந்துக் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொடி கரைத்த ஜலம் இவற்றைச் சிறிது சிறிதாக ஓயாமல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் கழிந்தால் பானம் போதுமானபடி போகிறதென்று வைத்துக்கொள்ளலாம். பிளேட்லெட்டுக்கு நல்லதென்று மாதுளம்பழச் சாறும் பீட்ரூட் சாறும் கொடுக்கிறவர்கள் ஒரு சங்கடத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. குழந்தை அதை வாந்தி எடுத்தால், இரத்தமா சாறா என்று டாக்டரும் சொல்ல முடியாமல் விழிப்பார்.

ஜுரம் விட்ட பிறகு முழுசாக இரண்டு நாள் நோயாளியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். விடாத வயிற்று வலி, மறுபடி மறுபடி வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், பெண்களுக்கு அளவு மீறிய தீட்டு, மூச்சுத் திணறல், காரணமில்லாத தூக்கமோ அமைதியின்மையோ, குளிர்ந்த கை கால், ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை—இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-க்கு டெலிபோன் செய்யுங்கள். கையில் பழைய சீட்டு இருக்கட்டும்.

நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் வைக்க வேண்டும். காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும். ஜுரத்திலிருப்பவரைக் கடித்த கொசு, ஏழெட்டு நாள் கழித்து வீட்டிலுள்ள மற்றவர்களிடம் தன் கைவரிசையைக் காட்டும். சாக்கடையைப் பற்றி முனிசிபாலிடிக்கு மகஜர் அனுப்பிப் பயனில்லை. இந்தக் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நல்ல ஜலந்தான் வேண்டும். அதன் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஜலமில்லாமலே மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். ஆகையால் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை நாரைப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

அடுத்த வீட்டுப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, சுகாதார ஊழியர் ஒருவர் டார்ச் விளக்குடன் நம் தெருவுக்கு வந்து, கொசுப்புழு எங்கே இருக்கிறதென்று வீடு வீடாகத் தேடினார். அடுத்த வீட்டில் ஒன்றும் அகப்படவில்லை. பாட்டியம்மாள் எல்லாவற்றையும் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். பிறகு அவர் நம் வீட்டுக்குள் வந்தார். குளிர்ப்பெட்டியைச் சற்றுத் தள்ளி, அதன் பின்புறத்தில் ஜலம் சொட்டும் தட்டின்மேல் விளக்கை அடித்தார். அந்த இடத்தில் ஒரு தட்டு இருக்கிறதென்பதே அன்றுதான் நமக்குத் தெரியும். அதில் புழுக்கள் வெகு உற்சாகமாக நெளிந்துகொண்டிருந்தன.